கொடியில் கட்டிய பெயர்

திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் நிற்கின்றன. தொண்டைமான் என்ற மன்னன் புழல் கோட்டைக் குறும்பர்களை வென்று கொண்டுவந்தவை என்பது ஊர் வழக்கு. நந்தி சுவாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்க்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலமாம். திருவள்ளூர் மாவட்டத்தில் தொண்டைமான் என்ற பட்டம் இன்னும் வாயில் புழங்கும் இடம், எனக்குத் தெரிந்து, இந்தச் சந்நிதிதான்.

பட்டத்தின் பிறப்பை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்கிறார். சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த குழந்தையைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டார்கள். திரை கொண்டுவந்ததால் திரையன், கொடியால் தொண்டைமான். கதைதான், ஆனால் அழகான கதை. அந்தத் தொண்டைமான் இளந்திரையன்மேல் உருத்திரங்கண்ணனார் 500 அடியில் பெரும்பாணாற்றுப்படை பாடினார். புறநானூற்றின் 185-ஆம் பாட்டு அவனே எழுதியது; நாடாள்வதை வண்டி ஓட்டுவதோடு ஒப்பிடுகிறான்.

அதே நூலின் 95-ஆம் பாட்டில் ஒரு தொண்டைமான் வருகிறான். அதியமானுக்காகத் தூது வந்த ஔவையாருக்குத் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் வைத்த வேல்கள். எங்கள் அரசன் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புகழ்வதுபோல் ஒரு போரையே நிறுத்தப் பார்த்த பாட்டு அது.

திருமுல்லைவாயல் மீதான சுந்தரர் தேவாரத்தில் மறுபடி கொடி வருகிறது. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிக் கட்டிப்போடுகிறது. கொடியை வெட்டிய வாள் லிங்கத்தின்மேல் பட்டதாகத் தலபுராணம் சொல்லும். அந்த வெட்டுக்காக இன்றும் சுவாமிக்குச் சந்தனக் காப்பு. வென்றவன் தான் செய்த காயத்தைக் கண்டு பதறி நின்றான் என்பதைத்தான் இந்த மண் மறக்காமல் வைத்திருக்கிறது. ஆயிரம் வெற்றிப் பாட்டைவிட இது எனக்குப் பெரிது.

சோழர் காலத்தில் தொண்டைமான் என்பது அரசன் கொடுக்கும் பட்டமாயிற்று. குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானைக் கலிங்கத்துப்பரணி கொண்டாடுகிறது. சேக்கிழாரின் தம்பி பாலறாவாயருக்கும் இப்பட்டம் கிடைத்தது.

பிறகு பட்டம் தெற்கே வேர்விட்டது. 1686-இல் புதுக்கோட்டையில் ரகுநாதராயத் தொண்டைமான் ஆட்சி தொடங்கினார். 1750-களின் திருச்சி முற்றுகையில் ஆங்கிலேயருக்குத் தானியம் அனுப்பிய காலம் முதல் கம்பெனிக் கடிதங்களில் அந்தப் பெயர் 'தொண்டிமான்' என்று அடிக்கடி வருகிறது. 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் ஒரு தொண்டைமானே. அந்தப் பழி அவருடையது. இரண்டாயிரம் ஆண்டுப் பெயரின் தலையில் அதை ஏற்றுவது நியாயமில்லை. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. புதுக்கோட்டைச் சீமையில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமான், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவரானார்.

பட்டம் பிறந்த தொண்டை மண்டலத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்று பல ஊர்க்காரர்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். நிற்கும் மண்ணின் பழம்பெயரை அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, ஆவடி வண்டி மாறித் திருமுல்லைவாயலில் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்த எருக்கந் தூண்களைக் காட்டுங்கள்.