ரெண்டு செஃப், ஒரு கிச்சன், ஒன்பது பாகம்

இன்னைக்குப் பேசப் போறது தியேட்டருக்கே வராத ஒரு படத்தைப் பத்தி. பேர் ‘ஜஸ்ட் ஆட் ரொமான்ஸ்’. 2019-ல் அமெரிக்காவின் ஹால்மார்க் சேனலில் ஒளிபரப்பானது. கதையை ஒரே வரியில சொல்லிடலாம்: டிவி சமையல் போட்டி ஒன்றில் இரண்டு இளம் செஃப்கள் மோதுகிறார்கள், ரெண்டு பேரோட பாணியும் எதிரெதிர், கடைசியில் காதல். ஸ்பாய்லர் சொல்லிட்டேன்னு திட்டாதீங்க, தலைப்புலயே இருக்கு.

படம் சுமார்தான். ஆனா இந்தப் படம் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சா, நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி போக வேண்டியிருக்கு. அதுவும் சமையலறைக்கு இல்ல, ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனிக்கு.

1910. ஜாய்ஸ் ஹால்னு ஒரு பதினெட்டு வயசுப் பையன் ரெண்டு ஷூ டப்பா நிறைய போஸ்ட்கார்டுகளோட கான்சஸ் சிட்டியில் வந்து இறங்குகிறார். அங்கே தொடங்கின வியாபாரம்தான் பிறகு ஹால்மார்க் ஆனது. வாழ்த்து அட்டை வித்தியாசமான பொருள் பாருங்க. அதுல என்ன எழுதியிருக்கும்னு வாங்குறவருக்கும் தெரியும், கிடைக்கிறவருக்கும் தெரியும். புதுசா எதுவும் இருக்கக் கூடாது. சரியான நாளில் சரியான உணர்ச்சி வந்து சேரணும், அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்கோங்க.

1951 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்.பி.சி.யில் ‘அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்’ என்ற ஓபரா நேரலையாகப் போகிறது. இசையமைத்தவர் ஜியான் கார்லோ மெனோட்டி. தொலைக்காட்சிக்காகவே எழுதப்பட்ட முதல் ஓபரா அது. ஸ்பான்சர், ஹால்மார்க். அங்கிருந்து ‘ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற தொடர் வளர்ந்தது. 1953-ல் மாரிஸ் எவான்ஸ் நடித்த ‘ஹாம்லெட்’ கூட அதில் வந்திருக்கு. ஆமா, பிற்காலத்தில் கப்கேக் காதல் கதைகள் எடுத்த அதே பேர் ஷேக்ஸ்பியரையும் போட்டிருக்கு.

அடுத்து, ‘டிவிக்காகவே எடுத்த படம்’ என்ற வகை எப்படிப் பிறந்ததுன்னு சுருக்கமா பார்த்துடலாம். அறுபதுகளில் தியேட்டர் படங்களை வாங்கி ஒளிபரப்புவது அமெரிக்க நெட்வொர்க்குகளுக்குச் செலவு பிடிக்கிற விஷயமாகிக்கொண்டே போனது. ‘அப்போ நாமளே எடுத்துட்டா என்ன?’ என்ற யோசனை வந்தது. 1964-ல் என்.பி.சி.யில் வந்த ‘சீ ஹவ் தே ரன்’ படத்தைத்தான் வழக்கமாக முதல் டிவி மூவி என்று சொல்வார்கள். 1971-ல் இளைஞர் ஸ்பீல்பெர்க் ‘டூயல்’ படத்தை இரண்டு வாரத்துக்குள் எடுத்து முடித்தார். அணுகுண்டுப் போர் பற்றிய ‘தி டே ஆஃப்டர்’, 1983-ல் ஒரே இரவில் சுமார் 10 கோடிப் பேரை டிவி முன்னாடி உட்கார வைத்தது. அப்புறம் கேபிள் வந்தது, கூட்டம் சிதறியது, பெரிய நெட்வொர்க்குகள் மெல்ல இந்த வகையைக் கைவிட்டன. கேபிள் சேனல்கள் எடுத்துக்கொண்டன.

ஹால்மார்க் சேனல் அந்தக் கேபிள் உலகத்தின் குழந்தை. ஆனா அதோட பூர்வீகம் சுவாரசியமானது. எண்பதுகளில் அமெரிக்காவில் ஆக்ட்ஸ், விஷன் என்று இரண்டு சமயச் சேனல்கள் இருந்தன. முன்னது பாப்டிஸ்ட் சபையினருடையது. பின்னது பல கிறிஸ்தவ சபைகளும் யூத அமைப்புகளும் சேர்ந்து நடத்தியது. ரெண்டும் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டு, பிறகு ‘ஒடிஸி’ என்று பேர் மாறி, கடைசியில் 2001 ஆகஸ்டில் ஹால்மார்க் சேனல் ஆனது. ஆக, ‘குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கலாம்’ என்கிற வாக்குறுதி இந்தச் சேனலின் அஸ்திவாரத்திலேயே இருந்தது. யாருடைய குடும்பம் என்ற கேள்விக்குக் கடைசியில் வருவோம்.

முதல்ல செஃப்கள். சண்டை போடுற ரெண்டு பேர் காதலிக்கிற கதை புதுசு இல்ல. மிக்லோஷ் லாஸ்லோ என்ற ஹங்கேரிய எழுத்தாளரின் ‘பர்ஃப்யூமெரி’ நாடகத்தில் ஒரே கடையில் வேலை செய்யும் இரண்டு பேர் நேரில் முறைத்துக்கொள்வார்கள், கடிதத்தில் உருகுவார்கள். அது 1940-ல் லுபிட்ச் இயக்கிய ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ ஆனது, 1998-ல் ‘யூ ஹேவ் காட் மெயில்’ ஆனது. சமையலறை இதுக்குள்ள நுழைய ஒரு காரணம் டிவிதான். 1993-ல் அமெரிக்காவில் ஃபுட் நெட்வொர்க் தொடங்கியது. அதே வருஷம் ஜப்பானில் ‘அயன் செஃப்’ வந்தது. சமையலைக் குத்துச்சண்டை மாதிரி காட்ட முடியும்னு உலகத்துக்குச் சொன்ன நிகழ்ச்சி அது. 2001-ல் ஜெர்மன் இயக்குநர் சான்ட்ரா நெட்டல்பெக், ஒரு கறாரான பெண் செஃபின் கிச்சனுக்குள் பாட்டும் கூத்துமாக ஒரு இத்தாலிய செஃபை அனுப்பி ‘பெல்லா மார்த்தா’ எடுத்தார். அதுவே 2007-ல் ஹாலிவுட்டில் ‘நோ ரிசர்வேஷன்ஸ்’. என்னைக் கேட்டா ஜெர்மன் படம்தான் பல மடங்கு மேல். அதுல மார்த்தா சமைக்கிறதைவிட, அவளால சாப்பிட முடியாம போறதுதான் கதை.

ஹால்மார்க் இந்த அமைப்பை எடுத்து அச்சாக்கியது. 2004-ல் ‘ஜஸ்ட் டெசர்ட்ஸ்’, 2014-ல் ‘ரெசிபி ஃபார் லவ்’, 2017-ல் ‘எ டேஷ் ஆஃப் லவ்’, 2018-ல் ‘குக்கிங் வித் லவ்’. வரிசையா பேர் சொன்னாலே ஒண்ணோட ஒண்ணு குழம்பும். குழம்பணும், அதான் டிசைன். இந்தப் படங்கள் ஒன்பது பாகமாக எழுதப்படுகின்றன. ஏன் ஒன்பது? விளம்பர இடைவேளைகள். ஒவ்வொரு பாகமும் சேனல் மாத்த விடாத மாதிரி முடியணும். ரெண்டு பேர் முகமும் நெருங்கி வரும், அப்போ ஓவன் டைமர் அடிக்கும், கட், விளம்பரம். உண்மையான முத்தம் கடைசி நிமிஷத்தில்தான். நாள் முழுக்க கோட் எழுதுற எனக்கு இதுல ஒரு தனி ரசனை உண்டு: டெம்ப்ளேட் பக்கா, மாறிலிகளை மட்டும் மாத்தினா போதும். செஃப்புக்குப் பதிலா பேக்கர், நியூயார்க்குக்குப் பதிலா சின்ன ஊர்.

படப்பிடிப்பு பெரும்பாலும் கனடாவில், குறிப்பாக வான்கூவர் சுற்றுவட்டாரத்தில். மாகாண அரசு வரிச்சலுகை தருது, உள்ளூர்க் கலைஞர்களும் கிடைக்கிறாங்க. சுமார் மூணு வாரத்தில் ஒரு படம் முடிஞ்சிடும். கிறிஸ்துமஸ் படங்களைக் கோடைகாலத்திலேயே எடுப்பார்கள். வெயிலில் கம்பளிக் கோட்டோட, போலிப் பனிக்கு நடுவில் நின்னு குளிர்ற மாதிரி நடிக்கணும்.

இப்போ ‘ஜஸ்ட் ஆட் ரொமான்ஸ்’ கதாநாயகனுக்கு வருவோம். லூக் மெக்ஃபார்லேன். கனடாக்காரர், ஜூலியார்ட் நாடகப் பள்ளியில் படித்தவர். 2008-லேயே தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதுக்கப்புறம் ஹால்மார்க்கில் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் பெண்களைக் காதலிக்கும் நாயகனாக நடித்திருக்கிறார். நடிகர்னா நடிக்கணும், அதுல தப்பே இல்ல. ஆனா அந்த வருஷங்களில் அவர் மாதிரியான ஒருவருடைய காதல், அந்தச் சேனலின் நாயகனுக்கு வாய்க்கவில்லை.

படம் வந்த அதே 2019-ன் டிசம்பரில் விஷயம் வெடித்தது. ஸோலா என்ற திருமண ஏற்பாட்டு நிறுவனத்தின் விளம்பரத்தில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஒரு பழமைவாத அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததும் சேனல் விளம்பரத்தை நிறுத்தியது. சில நாட்களிலேயே கண்டனம் குவிய, தாய் நிறுவனமான ஹால்மார்க் கார்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த மாதம் சேனல் நிறுவனத்தின் தலைவர் பில் ஆபட் விலகினார்.

2020-ல் ‘தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்’ படத்தில் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் ஆண் தம்பதி ஒரு முக்கியக் கிளைக்கதை. 2022-ல் ‘தி ஹாலிடே சிட்டர்’ படத்தில் இரண்டு ஆண்களின் காதல்தான் மையக்கதை. டெம்ப்ளேட் அதேதான், முத்தம் அதே கடைசி நேரத்தில்தான். இன்னொரு பக்கம் பில் ஆபட் வேறு சேனல் நிறுவனத்தை ஆரம்பித்தார். ஹால்மார்க் கிறிஸ்துமஸ் படங்களின் பெரிய நட்சத்திரமான கேன்டஸ் கேமரன் பியூரே அங்கே போய், பாரம்பரியத் திருமணமே தங்கள் கதைகளின் மையம் என்று பேட்டி கொடுத்தார். ஒரே செய்முறைக்கு ரெண்டு கடை.

அதே 2022-ல் லூக் மெக்ஃபார்லேன் ‘ப்ரோஸ்’ படத்தில் நடித்தார். யுனிவர்சல் தியேட்டர்களில் வெளியிட்ட, இரண்டு ஆண்களின் காதல் நகைச்சுவை. ஹால்மார்க் மாதிரியான சேனலை அதுல நல்லா கலாய்ச்சிருக்காங்க. வசூல் பெருசா இல்ல. அவருக்கு அதில் உயில், சொத்து விவகாரங்களைப் பார்க்கும் வக்கீல் வேஷம். பிடிக்காத வேலை. சின்ன வயசுலேர்ந்து அந்த வக்கீலுக்கு ஒரே ஆசை, யாருகிட்டயும் சொல்லக் கூச்சப்படுற ஆசை: சாக்லேட் செய்பவராக ஆகணும். படம் முடியுறதுக்குள்ள செஞ்சும் காட்டுவார்.