கோணமலையில் ஒரு கேள்வி

திருகோணமலையைக் காணச் செல்வோர் கோணேசர் கோயிலை அடையுமுன் ஒரு கோட்டை வாயிலைக் கடந்தாக வேண்டும். பிரெடரிக் கோட்டை என்பது அதன் பெயர். அண்மையில் நண்பர் எழுவர், வழிகாட்டி ஒருவரின் துணையோடு அவ்வாயிலினுட் புகுந்தோம். எம்முள் ஐவர் ஆசிரியர், இருவர் மாணவர். வழிகாட்டி இளைஞர், தம் தொழிலைச் செம்மையாகக் கற்றவர்.

1624-ல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா இக்கோட்டையைக் கட்டினார் என்றார் அவர். 1639-ல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 என்ற ஓராண்டினுள்ளேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி இந்நகரைப் பிடித்தனர். 1795-ல் ஆங்கிலேயர் நிலைகொண்டனர். 1803-ல் யோர்க் கோமகனின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினர். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லெஸ்லி தங்கியிருந்த மனையும் எமக்குக் காட்டப்பட்டது.

இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் எம்முடன் வந்த மாணவர் ஒருவர் மதிலைத் தடவிப் பார்த்தவாறே, “இவ்வளவு கல்லும் எங்கிருந்து வந்தது?” என்று வினவினார்.

வழிகாட்டி மலையுச்சியைச் சுட்டினார். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பதிகம் பாடிய கோயில் அங்கு இருந்தது. அதனை இடித்த கற்களே இம்மதிலாயின. வாயிலிற் காணப்படும் கயற்சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. இடித்தவனின் பெயரை வரலாறு பேணி வைத்திருக்கிறது. சுமந்தவர் ஒருவரின் பெயரேனும் எமக்குக் கிடைத்திலது.

இதனைக் கேட்டதும், பறிபோன பொற்காலத்தை எண்ணிப் பெருமூச்செறிவது எளிது. அவ்வாறு பெருமூச்செறிவதோடு நின்றுவிடுதல் வரலாற்று உணர்வாகாது. ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் நூலைப் புரட்டிப் பார்ப்போமாயின், தானத்தார், வரிப்பத்தார் முதலியோருள் யார் யார் கோயிலுக்கு எத்தொண்டு செய்தல் வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருத்தலைக் காண்போம். கோயிலும் மனித உழைப்பின் மீதே எழுந்து நின்றது. அங்கும் புகழ் திருப்பணி செய்வித்த குளக்கோட்டனுக்கே சென்றது. கற்கள் கோயிலாயிருந்து கோட்டையானபோது அதிகாரம் கைமாறிற்று. சுமையோ மக்கள் தோளை விட்டு இறங்கவில்லை.

மலையுச்சியில் பழைய கோயிலின் தூண் ஒன்று நிற்கிறது. பிரான்சினா என்ற ஒல்லாந்த மங்கையின் பெயரும் 1687 என்ற ஆண்டும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கைவிட்டமையால் அவள் இங்கிருந்து கடலிற் குதித்தாள் என்பது பயணிகள் விரும்பிக் கேட்கும் கதை. அவள் அதன் பின்னும் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்பர் ஆவணங்களை ஆராய்ந்தோர். நடவாத ஒரு சாவுக்குக் கூட்டங்கூட்டமாகப் பயணிகள் இரங்குகின்றனர்!

ஆனால் 1950-ல் நடந்த ஒன்றைக் கேட்போர் சிலரே. அவ்வாண்டு நகரசபையினர் குடிநீருக்காகக் கிணறு வெட்டுவித்தபோது, மண்ணுள் மறைந்திருந்த சோமாஸ்கந்தர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. படையெடுப்புக்கு அஞ்சி யாரோ புதைத்ததை மூன்று நூற்றாண்டுகளின் பின் மண்வெட்டி பிடித்த கைகள் மீட்டுத் தந்தன. 1963-ல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயிலின் வரலாற்றில் அத்தொழிலாளர்க்கும் இடமுண்டு.

உச்சியிலிருந்து இறங்கித் துறைமுகப் பக்கம் சென்றோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப்படும் இதுவே இந்நகரின் செல்வம், சாபமும் இதுவே. சீனன்குடாவில் ஆங்கிலக் கடற்படைக்கென அமைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9-ல் யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு பொழிந்தன. 1957-ல் ஆங்கிலக் கடற்படை வெளியேறிற்று. எனினும் வல்லரசுகளின் நாட்டம் தீர்ந்தபாடில்லை. 2022-ல் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 14 தாங்கிகள் இந்திய நிறுவனத்திடமும், 24 இலங்கை அரசின் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரு தரப்பின் கூட்டு நிறுவனத்திடமும் விடப்பட்டன. துறைமுகத்தை அண்டி வாழும் மீனவரும் கூலித் தொழிலாளரும் இக்கணக்கில் எந்த எண்ணிலும் அடங்கவில்லை.

மாலையிற் கடற்கரையை அடைந்தோம். 2006 ஜனவரி 2-ல் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக்கொல்லப்பட்ட கடற்கரை அது. குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புத் துறையினர் 13 பேரும், போதிய சான்றில்லையென்று 2019-ல் விடுவிக்கப்பட்டனர். காலை முதல் ஓயாது பேசிவந்த வழிகாட்டி அங்கு மட்டும் எதுவும் கூறாது கடலை நோக்கி நின்றார். அவரை நாம் குறைகூறோம். அச்சத்தின் நடுவே பிழைப்பு நடத்துவோரிடம் முழு வரலாற்றையும் எதிர்பார்ப்பது நீதியன்று.

அச்சுமை ஆசிரியர்களாகிய எம்முடையது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பழைய மதிலோ, குளக்கட்டோ, துறையோ இருக்கவே செய்யும். மாணவரை அவ்விடம் அழைத்துச் செல்வோம். ஆண்டுகளையும் அரசர்களையும் கற்பிப்போம். அதன் பின், மதிலைத் தொட்டு அம்மாணவர் கேட்ட கேள்வியை அவர்களும் கேட்கும்வரை சற்றுக் காத்திருப்போம்.