மணியாச்சி: ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தின் சரித்திரம்

நம் அங்கத்தினர்களில் நெல்லைச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் அநேகம். மும்பையிலோ, டில்லியிலோ, கொல்கத்தாவிலோ இருந்துகொண்டு கல்யாணத்துக்கும் குலதெய்வத்துக்கும் ஊர் போய்வரும்போது, கோவில்பட்டி, கடம்பூர் தாண்டியதும் வருகிற ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். 'வாஞ்சி மணியாச்சி' என்ற அந்த ஸ்டேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்த சில விவரங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மணியாச்சி முற்காலத்தில் ஒரு பாளையம். இன்று தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த கரிசல் காட்டுச் சிற்றூர். பெரிய சந்தையோ கோர்ட்டோ ஆலையோ இல்லாத இந்த ஊருக்கு ஜங்ஷன் அந்தஸ்து வந்தது அதன் இருப்பிடத்தால்தான். தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டபோது, திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிக்க வேண்டியிருந்தது. அது பிரிந்த இடம் மணியாச்சி. 1876 ஜனவரி முதல் தேதி இப்பாதைகள் திறக்கப்பட்டன. இங்கிருந்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஏறக்குறைய சம தூரம்; இரண்டும் சுமார் 30 கிலோமீட்டர்.

அக்காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறுவார்கள். கொழும்புக் கப்பலில் வந்திறங்கியவர்களைச் சென்னைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு 'போட் மெயில்' என்று பெயர். திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகிறவர்கள் கிளை வண்டியில் மணியாச்சி வந்து, போட் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆக, இந்த ஸ்டேஷன் செய்த தலையாய சேவை, பிரயாணிகளை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஒப்படைப்பதுதான். அந்தக் காத்திருப்பே இதைச் சரித்திரத்தில் சேர்த்தது.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், தம் மனைவியுடன் காலை 9.30 மணிக்குத் திருநெல்வேலியில் வண்டி ஏறினார். கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் பயணம். 10.38க்கு வண்டி மணியாச்சி வந்தது. போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48. இடையே பத்தே நிமிஷம். முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த ஆஷை, செங்கோட்டையைச் சேர்ந்த 25 வயது வாஞ்சிநாதன் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார்.

வாஞ்சி புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் உத்தியோகம் பார்த்தவர். தகப்பனார் ரகுபதி ஐயர், மனைவி பொன்னம்மாள். 1908ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானதும், அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்டதும் அந்த இளைஞர்களின் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தன. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். சதி வழக்கில் 14 பேர் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 1912ல் ஏழு வருஷம் சிறை விதிக்கப்பட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வாஞ்சியிடம் கிடைத்த கடிதத்தில் தேசப் பற்றும் ஸனாதன தர்மத்தின் மீதுள்ள பற்றும் இருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைத் தூற்றுகையில் ஜாதியை வைத்து இகழ்ந்த சொற்களும் இருந்தன. நம் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தச் சொற்களையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவை தவறு என்றும் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். உயிரைக் கொடுத்தது உண்மை. அந்த வசையும் உண்மை. ஆஷ் தரப்புச் சேதியையும் அறிய விரும்புகிறவர்கள் ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'ஆஷ் அடிச்சுவட்டில்' நூலைப் படிக்கலாம். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. நினைவு மண்டபம் தூத்துக்குடியில்.

1914ல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. மணியாச்சியின் கடல் கடந்த தொடர்பு அதோடு குறைந்தது. ஆனாலும் ஜங்ஷன் ஜங்ஷன்தானே! என் இளமையில் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் வண்டி இங்கே நின்று, இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொண்டு புறப்படும். அதற்குள் எதிர்ச்சாரி வண்டியில் தெரிந்த முகம் ஏதாவது தென்படுமா என்று பெரியவர்கள் ஜன்னல் ஜன்னலாகத் தேடுவார்கள். பல வரன்களின் முதல் பேச்சு இந்த பிளாட்பாரத்தில் நடந்ததாக எங்கள் வீட்டில் சொல்வதுண்டு.

1980களில் நிலையத்துக்கு வாஞ்சியின் பெயர் சேர்ந்தது. 1990களில் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. பின்னர் மின்மயமும் இரட்டைப் பாதையும் வந்தன. சென்னை–குருவாயூர் எக்ஸ்பிரஸிலிருந்து தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றிச் சேர்த்த பழைய வழக்கம் 2020 பெருந்தொற்றோடு நின்றது. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த சென்னை–நெல்லை வந்தே பாரத் இங்கே நிற்பதில்லை. வேகம் கூடக் கூட, காத்திருக்கும் இடங்களுக்கு வேலை குறைவது இயற்கை. சுற்றுப்புறக் கிராமத்தாருக்கோ இன்றும் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் வாசல் இந்த ஸ்டேஷன்தான். இங்கே நிற்கும் ஒவ்வொரு வண்டியும் அவர்களுக்கு ஒரு பஸ் மாற்றத்தை மிச்சப்படுத்துகிறது.

ஊருக்குப் போகும் அன்பர்கள் அடுத்த முறை கடம்பூர் தாண்டியதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, பேரக் குழந்தைகளை ஜன்னலோரம் அழையுங்கள். பெயர்ப் பலகை ஓரிரு விநாடிதான் தெரியும். இங்கே நடந்ததை முழுவதுமாகச் சொல்லி முடிக்க, நெல்லை போய்ச் சேரும்வரை நேரம் இருக்கிறது.