வானும் கடலும் அளந்த பிக்கார்கள்

நம்மிடையே ஒருவருடைய பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து நிற்கிறது. அது பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். அடுத்த தலைமுறை வந்ததும் அந்த எழுத்து மாறிவிடும். எனவே பாட்டனும் மகனும் பேரனும் ஒரே பெயரால் அறியப்படுவது நமக்குப் புதுமையாகத் தோன்றும். ஐரோப்பியரிடையே அப்படியன்று. அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அறிவியல் வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இதனால் குழப்பம் ஏற்படுவதும் உண்டு. பாடநூலில் 'பெர்னூலி' என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பெர்னூலி என்று தேட வேண்டியிருக்கிறது.

பிக்கார் என்பதும் அத்தகைய பெயர்தான். 1931-இல் ஒரு பிக்கார் அதுவரை மனிதர் எவரும் எட்டாத உயரத்துக்குச் சென்றார். 1960-இல் ஒரு பிக்கார் பெருங்கடலின் மிக ஆழமான இடத்தைத் தொட்டார். 1999-இல் ஒரு பிக்கார் பலூனில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றினார். இவர்கள் மூவரும் வெவ்வேறு ஆட்கள். தந்தை, மகன், பேரன்.

இப்பெயர் அதிகம் வழங்காத ஒன்று. பிரெஞ்சு மொழி பேசும் சுவிட்சர்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது. இதில் 'சி' என்ற ரோமன் எழுத்து இரு முறை வரும். 17-ஆம் நூற்றாண்டில் பூமியின் அளவைக் கணக்கிட்ட பிரெஞ்சு வானியலாளர் ழான் பிக்காரின் பெயரில் அந்த எழுத்து ஒன்றே உண்டு. அவர் வேறு குடும்பத்தவர்.

ஒரே வீட்டில் இத்தனை பேர் எப்படித் தோன்றினார்கள்? "இரத்தத்தில் ஊறிய திறமை" என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியான விடைதானா என்று பார்ப்போம்.

உயரே செல்வதில் உள்ள இடர்

அகுஸ்த் பிக்காரும் ழான் பிக்காரும் இரட்டையர். 1884 ஜனவரி 28-இல் பாசெல் நகரில் பிறந்தார்கள். தந்தை ழூல் பிக்கார் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். அகுஸ்த் இயற்பியலைத் தேர்ந்தெடுத்தார். ழான் வேதியியலைத் தேர்ந்தெடுத்தார். 1922 முதல் அகுஸ்த் பிரஸ்ஸல்ஸ் நகரில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1927-ஆம் ஆண்டு சால்வே மாநாட்டின் புகழ்பெற்ற புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஐன்ஸ்டீனும் மேரி கியூரியும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்படத்தில், பின்வரிசையின் இடக்கோடியில் நிற்கும் நெடிய மனிதர் இந்த அகுஸ்த் பிக்கார்தான்.

1912-இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் சென்றார். உயரம் கூடக்கூட ஒருவகைக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டார். இதையே இன்று அண்டக் கதிர் என்கிறோம். இக்கதிர்களை இன்னும் உயரத்தில், வளிமண்டலத்தின் பெரும்பகுதியைக் கடந்து நின்று அளக்க வேண்டும் என்று அகுஸ்த் விரும்பினார். ஆனால், 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அங்கே திறந்த கூடையில் செல்பவர் உயிர் பிழைக்க முடியாது. 1875-இல் பிரான்சில் 'செனித்' என்ற பலூனில் மூவர் உயரே சென்றபோது, ஆக்சிஜன் போதாமல் இருவர் மாண்டனர். இது அகுஸ்துக்கு நன்றாகத் தெரியும்.

மூடிய கோளம்

அவர் கண்ட வழி எளியது. ஆளை உயரத்துக்குப் பழக்க முடியாது. ஆகவே தரையின் காற்றையே ஆளுடன் கொண்டு போவது. அலுமினியத்தால் காற்றுப் புகாத ஒரு கோளத்தைச் செய்தார். வளைந்த பரப்பு அழுத்தத்தைச் சீராகத் தாங்கும் என்பதால்தான் கோள வடிவம். அதற்கு மேலே 14,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஹைட்ரஜன் பலூன். புறப்படும்போது அதில் சிறு பகுதியே நிரப்பப்பட்டது. மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறைந்து வாயு விரியும். அதற்கு இடம் வேண்டும் அல்லவா? செலவை ஏற்றது பெல்ஜியத்தின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி நிதியம். எனவே அதன் முதலெழுத்துகளைக் கொண்டு பலூனுக்கு 'எஃப்.என்.ஆர்.எஸ்.' என்று பெயரிட்டார்.

1931 மே 27 விடியற்காலையில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து அகுஸ்தும் அவருடைய உதவியாளர் பவுல் கிப்ஃபரும் புறப்பட்டனர். அரை மணி நேரத்துக்குள் 15 கிலோமீட்டர் உயரத்தை எட்டினர். ஆனால், இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் கோளத்திலிருந்த ஒரு துளை வழியே காற்று கசிந்தது. வாஸலினும் பஞ்சும் வைத்து அடைத்தார்கள். பிறகு கருவி ஒன்று உடைந்து பாதரசம் சிந்தியது. பாதரசம் அலுமினியத்தை அரிக்கும். கோளத்தின் சுவரே அலுமினியம்! வெளியே அழுத்தம் குறைவு என்பதைப் பயன்படுத்தி, ஒரு குழாய் வழியாக அதை வெளியே உறிஞ்சச் செய்தார்கள்.

வெப்பமும் தொல்லை தந்தது. கோளத்தின் ஒரு பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசி, மறுபாதியை வெளிர் நிறமாக விட்டிருந்தார் அகுஸ்த். குளிர்ந்தால் கறுப்புப் பக்கத்தையும், புழுங்கினால் வெளிர்ப் பக்கத்தையும் கதிரவனுக்குக் காட்டலாம் என்பது திட்டம். கோளத்தைத் திருப்பும் அமைப்பு வேலை செய்யவில்லை. கறுப்புப் பக்கமே வெயிலில் நின்றதால் உள்ளே அடுப்புப் போல் கொதித்தது. இறங்கலாம் என்றால், வாயுவை வெளியேற்றும் கயிறு சிக்கிக்கொண்டது. மாலையில் வாயு குளிர்ந்து சுருங்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுமார் 17 மணி நேரத்துக்குப் பிறகு ஆஸ்திரியாவின் குர்கல் பனியாற்றின் மீது இறங்கினர். எட்டிய உயரம் 15,781 மீட்டர். அடுக்கு மண்டலத்தை முதன்முதலில் அடைந்த மனிதர்கள் இவர்களே.

மறு ஆண்டு ஆகஸ்ட் 18-இல் மாக்ஸ் கோசின்சுடன் அகுஸ்த் மீண்டும் சென்றார். இம்முறை 16,200 மீட்டர். கோளத்துக்கு வெண்ணிறம் பூசியிருந்ததால் வெப்பத்துக்கு மாறாகக் குளிர் வாட்டியது!

இரட்டையரில் மற்றவர்

ழான் பிக்கார் அமெரிக்காவில் குடியேறினார். அவருடைய மனைவி ஜெனட் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பிக்கார் என்ற பெயர் அவருக்குத் திருமணத்தால் வந்தது. பலூன் ஓட்டும் உரிமமோ அவர் பயின்று பெற்றது. 1934 ஜனவரியில் சோவியத் அடுக்கு மண்டலப் பலூன் ஒன்று விழுந்து மூவர் இறந்தனர். அவ்வாண்டிலேயே, மூன்று பிள்ளைகளின் தாயான ஜெனட் பலூனைச் செலுத்த, ழான் அண்டக் கதிர்க் கருவிகளைக் கவனித்துக்கொள்ள, இருவரும் அக்டோபர் 23-இல் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னிலிருந்து புறப்பட்டனர். சுமார் 17,500 மீட்டர் உயரத்தை எட்டினர். அடுக்கு மண்டலத்தை அடைந்த முதல் பெண் ஜெனட் பிக்கார்.

இவர்களுடைய மகன் டான் பிக்காரும் பலூனையே பற்றிக்கொண்டார். 1963-இல் எட் யோஸ்டுடன் வெப்பக் காற்றுப் பலூனில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

கடலில் இறங்கிய பலூன்

ஆழ்கடலுக்குச் செல்லும் எண்ணம் அகுஸ்துக்கு மாணவப் பருவத்திலேயே தோன்றியது. வானில் பறந்த கோளமே அதற்கு வழி காட்டியது. வானில் கோளத்துக்குள் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. கடலில் இது தலைகீழாகும். ஆகவே அலுமினியத்துக்குப் பதில் தடித்த எஃகுக் கோளம் வேண்டும். ஆனால், அத்தகைய கோளம் கல்லைப் போல் மூழ்கிவிடும். அதைத் தூக்கி நிறுத்த ஒரு பலூன் தேவை. வாயு நிரப்பினால் நீரின் அழுத்தம் அதை நசுக்கிவிடும். அகுஸ்த் தேர்ந்தெடுத்தது பெட்ரோல்! அது நீரைவிட அடர்த்தி குறைந்தது. நீர்மம் ஆதலால் எளிதில் நசுங்காது. தொட்டியின் அடிப்பகுதி கடலுக்குத் திறந்திருக்கும். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் ஆதலால் தொட்டியின் சுவர் மெல்லிய தகடாக இருந்தாலே போதும்.

மேலே வருவதற்கு இரும்புச் சிறுகுண்டுகளை உதிர்த்துப் பாரத்தைக் குறைக்க வேண்டும். அவற்றை மின்காந்தங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். ஆழத்தில் மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும்? காந்தம் பிடியை விடும். குண்டுகள் தாமே உதிரும். கலம் தானே மேலே வரும். கருவி பழுதானாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்பதை அகுஸ்த் முதலிலேயே எண்ணி அமைத்தார். இக்கலத்துக்கு அவர் வைத்த பெயர் 'பாத்திஸ்கேஃப்'. ஆழக் கலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது.

1948-இல் நடந்த முதல் சோதனையில், ஆளில்லாமல் சுமார் 1,400 மீட்டர் ஆழம் வரை கலம் சென்று திரும்பியது. ஆனால், மேற்பரப்பின் அலைகள் தொட்டியைச் சேதப்படுத்தின. அகுஸ்துக்கு அப்போது வயது 64. அவர் ஓயவில்லை. அவருடைய மகன் ழாக் படித்ததோ பொருளியல். அவர் தம் பணியை விட்டுத் தந்தையுடன் சேர்ந்து இத்தாலியில் 'டிரியெஸ்ட்' என்ற புதிய கலத்தைக் கட்டுவதற்கு உழைத்தார். 1953-இல் தந்தையும் மகனும் அதில் 3,150 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினர். 1958-இல் அமெரிக்கக் கடற்படை அதை விலைக்கு வாங்கியது. இன்னும் தடித்த புதிய கோளம் பொருத்தப்பட்டது.

1960 ஜனவரி 23. பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழி. ழாக் பிக்காரும் கடற்படை அதிகாரி டான் வால்ஷும் இறங்கத் தொடங்கினர். மேலே சுமார் 85,000 லிட்டர் பெட்ரோல். கீழே இருவர் ஒடுங்கி உட்காரும் கோளம். சுமார் 9,000 மீட்டர் ஆழத்தில் பெரும் ஓசை கேட்டுக் கலம் அதிர்ந்தது. நுழைவுக் குழாயின் சாளரத்தில் விரிசல் விழுந்திருந்தது. கோளம் உறுதியாக இருப்பதைக் கண்டு தொடர்ந்து இறங்கினர். ஏறத்தாழ 5 மணி நேரத்தில் தரை தட்டியது. ஆழம் சுமார் 10,900 மீட்டர். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமை அழுத்திக்கொண்டிருந்தது. 20 நிமிடம் தங்கிவிட்டு மேலே வந்தனர். அதற்குப் பின் 2012 வரை வேறு எவரும் அங்கே செல்லவில்லை. மகனின் இந்த வெற்றியைக் கண்ட அகுஸ்த், 1962-இல் காலமானார்.

பேரனின் பயணம்

ழாக்கின் மகன் பெர்ட்ரான் பிக்கார் 1958-இல் பிறந்தார். தொழிலால் மனநல மருத்துவர். 1997-இல் உலகைச் சுற்றக் கிளம்பிய அவருடைய பலூன், எரிபொருள் கசிவினால் சில மணி நேரத்தில் மத்தியதரைக் கடலில் இறங்கியது. 1998-இல் இரண்டாம் முயற்சி. சீனாவின் மீது பறக்க உரிய நேரத்தில் இசைவு கிடைக்காததால் பர்மாவில் முடிந்தது. 1999 மார்ச் 1-இல் பிரையன் ஜோன்சுடன் மூன்றாம் முறை புறப்பட்டார். ஹீலியமும் வெப்பக் காற்றும் சேர்ந்த பலூன் அது. 19 நாள் 21 மணி 47 நிமிடத்தில் 45,755 கிலோமீட்டர் பறந்து எகிப்தில் இறங்கினர். அவர்கள் சென்ற வழியில் இந்தியாவும் இருந்தது.

பின்னர் அவர் ஆந்த்ரே போர்ஷ்பெர்க்குடன் சேர்ந்து கதிரவன் ஆற்றலால் மட்டும் இயங்கும் 'சோலார் இம்பல்ஸ் 2' என்ற விமானத்தை உருவாக்கினார். 72 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட அதன் எடை சுமார் 2,300 கிலோகிராமே. 2015 மார்ச்சில் அது அகமதாபாத்திலும் வாரணாசியிலும் இறங்கியது. 2016 ஜூலை 26-இல், புறப்பட்ட இடமான அபுதாபியை மீண்டும் அடைந்தது.

பெயரோடு வந்தது என்ன?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இரட்டையரில் ஒருவர் இயற்பியலார், மற்றவர் வேதியியலார். மகன் படித்தது பொருளியல். பேரன் படித்தது மருத்துவம். ஜெனட் இரத்த உறவே அல்லர். ஆகவே இவர்களை இணைப்பது பிறவித் திறமை என்று சொல்ல வழியில்லை. அவ்வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றது தெளிவாக அமைந்த ஒரு கேள்வி: மனிதன் வாழ முடியாத இடத்துக்கு அவனை உயிரோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது எப்படி? அதோடு சேர்ந்து, தோல்வி கண்டபின் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் பழக்கமும் சென்றது.

அத்தகைய வீட்டில் பிறப்பது பெரிய வாய்ப்புதான். பெர்ட்ரான் சிறுவனாக இருந்தபோது, தந்தையின் பணி காரணமாகப் புளோரிடாவில் வாழ்ந்தார். அப்போலோ விண்கலங்கள் ஏவப்பட்டதை நேரில் கண்டார். அது எல்லாருக்கும் கிடைக்காது. ஆயினும் இன்னொன்றையும் நினையுங்கள். கிப்ஃபர், கோசின்ஸ், வால்ஷ், ஜோன்ஸ், போர்ஷ்பெர்க் ஆகியோர் பெயரில் பிக்கார் இல்லை. பயணங்களின் இடர் இவர்களுக்கும் அதே அளவுதான். பலருக்கு இப்பெயர்கள் நினைவில் நிற்பதில்லை என்பது பெரிய குடும்பப் பெயர் செய்யும் ஒரு குறை.

மாணவர்களே, இக்குடும்பம் கையாண்ட மிதப்பு விதி உங்கள் பள்ளிப் பாடநூலில் இருப்பதுதான். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் விளிம்பு வரை நீர் நிரப்புங்கள். கண் மருந்து சொட்டும் குழாயில் சிறிது நீர் ஏற்றி, அது மட்டுமட்டாக மிதக்கும்படி உள்ளே விட்டு மூடியை இறுக்குங்கள். புட்டியை அழுத்தினால் குழாய் மூழ்கும். பிடியைத் தளர்த்தினால் மேலே வரும். உள்ளேயுள்ள காற்று நசுங்கும்போது குழாய்க்குள் எவ்வளவு நீர் ஏறுகிறது என்று உற்றுப் பாருங்கள். ஆழத்தில் பெட்ரோலும் சிறிது சுருங்கும். டிரியெஸ்டின் தொட்டிக்குள் இப்படியே நீர் ஏறியது. அதனால் கலம் எடை கூடி வேகமாக இறங்கும். ழாக் அவ்வப்போது குண்டுகளை உதிர்த்து அந்த வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எவ்வளவு உதிர்க்க வேண்டும் என்ற கணக்கை, பெட்ரோலின் அடர்த்தி மாற்றம் தெரிந்தால், நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.