வாய்தா: ஒரு சொல்லும் தொழிலாளர் நீதியும்

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மக்கள் வழங்கிவரும் முறை ஒன்று. மன்றில் வைக்கும் முறையீடு மற்றொன்று. மன்றில் வைத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளுமாயின், நீட்டிப்பே அங்கு வழக்காகிவிடுகிறது.

2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தாயின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில், மூத்தோர் வாயிலாக நாம் கேட்டுப் பழகிய சொல் ‘வாய்தா’. அரபு மூலத்தினின்று உருது வழியே வந்த இச்சொல்லுக்கு மூலத்தில் ‘வாக்குறுதி’ என்று பொருள். நீதிமன்றத் தமிழிலோ அது விசாரணையைத் தள்ளிவைத்தலைக் குறிக்கலாயிற்று.

இப்பொருள் மாற்றத்தின் நிழலைச் சட்டத்திலும் காண்கிறோம். 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி, வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். தொழிலியல் நீதிமன்றமோ, வழக்கு தன்னிடம் வந்து 30 நாள்களுக்குள், ‘இயலுமாயின்’, தீர்ப்பளிக்க வேண்டும். தொழிலாளிக்கு விதித்த கெடுவில் ‘இயலுமாயின்’ என்னும் சொல் இல்லை. கெடுவைத் தவறவிட்டவரின் முறையீடு நில்லாது. தீர்ப்புத் தாழ்ந்தால் மன்றத்துக்கு இழப்பில்லை. மேலும், 2007ஆம் ஆண்டுத் திருத்தம் பின்னூதியத்தை 24 மாத அளவில் வரையறுத்தது. வழக்கு ஐந்தாண்டு நீண்டாலும் அளவு அதுவே. வேலையோடு தோட்டத்து வீட்டையும் இழப்பவர்க்குக் காத்திருத்தல் தனியொரு தண்டனையாகும்.

இத்தாழ்வுக்கு நீதிபதிகளின் தொழிற்கோட்பாடும் ஒரு காரணம். தீர்ப்பு எவ்வாறு எட்டப்பட்டது என்பதை ஆராய்வதே மேல்மன்றத்தின் பணி. பிழை காணின் கீழ்மன்றத்துக்கே திருப்பியனுப்புதல் முறை என்பது பழைய கொள்கை. முறை காக்கப்பட்டது, காலம் கழிந்தது. 1996இல் கூட்டரசு நீதிமன்றம் இராமச்சந்திரன் வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பால், வழக்கைத் திருப்பியனுப்பாது தானே நிவாரணம் வழங்கியது. சட்டம் மாறாதிருக்கவும் நீதிபதியின் நோக்கு மாறியதை இங்கு நாம் கருத வேண்டும்.

2008இல் தலைமை நீதிபதியான துன் ஸக்கி அஸ்மி, தேங்கிய வழக்குகளைக் கணக்கெடுத்து, எளிதில் வாய்தா வழங்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தினார். விரைவு நீதியை விழுங்கிவிடுமோ என வழக்கறிஞர் சிலர் அஞ்சினர். அவ்வச்சம் தள்ளத்தக்கதன்று. ஆராயாது விரைந்த பாண்டியன் தீர்ப்பு விளைத்த கேட்டைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டியுள்ளது. ஆயினும் ஆராய்தல் வேறு, கிடப்பில் வைத்தல் வேறு. தீர்ப்பை எழுதும் காலமும் தீர்ப்பின் பகுதியே எனக் கொள்ளும் நீதிபதி இவ்வேறுபாட்டை அறிவார்.

2021 முதல், முறையீட்டை மன்றத்துக்கு அனுப்புவதா என்று அமைச்சர் முடிவுசெய்யும் படிநிலை நீங்கியது. ஒரு காத்திருப்புக் குறைந்தது. ‘இயலுமாயின்’ இன்னும் இருக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொற்பொருள் கற்பிக்கையில் இச்சொல்லையும் கற்பிப்பார்களாக. அந்த 60 நாள்களை ஒரு மாணவன் தன் வீட்டாருக்கு எடுத்துரைத்தால், இவ்வுரை பயன் பெற்றதென மகிழ்வோம்.