ஏழு நாற்காலிக் கணக்கு

ஒரு கணக்கு. ஒரு சபையில் 58 பேர். அவர்களை 7 குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் தனக்குள் ஓட்டுப் போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 58 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள். ஏழு தலைவர்களுமே அந்த இனத்திலிருந்து வர வேண்டுமென்றால் ஆட்களை எப்படிப் பிரிப்பீர்கள்?

பள்ளிக்கூடப் பரீட்சையில் வந்திருந்தால் ரெண்டு மார்க் கேள்வி. ஆனால் இது வந்தது 1936-ம் வருஷம், கொழும்பில். விடையும் சரியாகவே போடப்பட்டது. அந்த விடையைப் போட்டுக் கொடுத்தவர் ஒரு தமிழர், அதுவும் கணிதப் பேராசிரியர் என்பதுதான் கதையின் விசித்திரம்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

1927-ம் வருஷக் கடைசியில் டொனமூர் பிரபு தலைமையில் நாலு பேர் கொண்ட கமிஷன் ஒன்று லண்டனிலிருந்து இலங்கைக்கு வந்து இறங்கியது. (அதே நவம்பரில்தான் காந்தியும் யாழ்ப்பாணம் போய்க் கூட்டம் பேசினார்.) நம் ஊருக்கு மறு வருஷம் வந்த சைமன் கமிஷனுக்குக் கறுப்புக் கொடி கிடைத்தது. டொனமூர் கமிஷனுக்கு அந்த மாதிரி வரவேற்பு எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போனார்கள், மனு வாங்கினார்கள். சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத்து இந்தியத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், ஐரோப்பியர் என்று ஆளாளுக்கு வந்து எங்களுக்கு இத்தனை இடம், அவர்களுக்கு அத்தனை இடம் என்று கணக்குச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுக் கமிஷனுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. இந்த இனவாரிப் பிரதிநிதித்துவம் என்பதே நாட்டைப் பிடித்த நோய், அதை அடியோடு எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

எழுதியது மட்டுமல்ல. அதுவரை அந்தத் தீவில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் ஓட்டு. படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொத்து இருக்க வேண்டும். கமிஷன் வந்துபோன பிறகு 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு! இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக ஓட்டுரிமை வந்தது 1928-ல்தான். பிரெஞ்சுப் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள், சுவிட்சர்லாந்துப் பெண்கள் 1971 வரை. நமக்கு 1951-52 பொதுத் தேர்தல் வரை கிடைக்காத ஒன்று இலங்கைக்கு 1931-லேயே கிடைத்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? பாதிப் பேர் படவில்லை. ஜனத்தொகையில் பெரிய பங்கு சிங்களவர். தலைக்கு ஒரு ஓட்டு, இனத்துக்குத் தனி இடம் கிடையாது என்றால் நாங்கள் எங்கே போவது என்று சிறுபான்மைத் தலைவர்கள் பதறினார்கள். பணமும் படிப்பும் உள்ள சிங்களப் பெரிய மனிதர்கள் சிலருக்கோ, தோட்டக்காரனுக்கும் வண்டிக்காரனுக்கும் ஓட்டா என்ற கடுப்பு. 1929 டிசம்பரில் பழைய சட்டசபையில் இது ஓட்டுக்கு வந்தபோது ஆதரவு 19, எதிர்ப்பு 17. ஒரே ஒருவர் மனசு மாறியிருந்தால் சமம்.

இப்படிப் பிறந்த புதுச் சபைக்குப் பெயர் அரசாங்க சபை. 50 பேர் தேர்தலில் ஜெயித்து வருவார்கள். 8 பேரைக் கவர்னர் நியமிப்பார். போக, நிதி, சட்டம், தலைமைச் செயலகம் மூன்றையும் கையில் வைத்திருக்கும் அதிகாரிகள் 3 பேர். மொத்தம் 61.

சபைக்குள் கட்சி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கட்சி இல்லாத இடத்தில் மந்திரிசபை எப்படி அமைப்பது? லண்டன் நகரசபையில் கமிட்டி வைத்து வேலை பார்ப்பார்களே, அந்த முறையை ஒரு நாட்டுக்கே மாட்டிவிட்டார்கள். உறுப்பினர்கள் 7 குழுக்களாகப் பிரிய வேண்டும். உள்நாடு, விவசாயமும் நிலமும், உள்ளாட்சி, சுகாதாரம், தொழிலும் வணிகமும், கல்வி, போக்குவரத்தும் மராமத்தும் என்று ஆளுக்கொரு துறை. குழுவின் தலைவர்தான் அமைச்சர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று கிடையாது, எல்லாரும் எங்காவது ஒரு குழுவில் உட்கார்ந்து நிர்வாகத்தில் கை வைத்தாக வேண்டும். இனப் பேச்சைக் கரைக்க இதைவிட நல்ல மருந்து இருக்காது என்று டொனமூர் நம்பினார்.

காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட் காகிதத்தில் அழகாக டாலி ஆகிறது என்றால் முதலில் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1931 ஜூனில் தேர்தல். யாழ்ப்பாணம் புறக்கணித்துவிட்டது. இதை இனப் பிரச்னை என்று நினைத்தால் தப்பு. புறக்கணிக்கச் சொன்னது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். ஹண்டி பேரின்பநாயகமும் அவரைப் போன்ற படித்த இளைஞர்களும் காந்தியால் கவரப்பட்டவர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லா சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று போராடியவர்கள். எங்களுக்கு வேண்டியது முழு சுயராஜ்யம், இந்த அரைகுறைச் சபை வேண்டாம் என்றார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளிலும் வேட்புமனுவே விழவில்லை. தென்னிலங்கைத் தலைவர்களும் நம்மைப் பார்த்து ஒதுங்குவார்கள் என்று வாலிபர்கள் எதிர்பார்த்தார்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. 50 தொகுதியில் 46 நிரம்பியது, சபை கூடியது.

அமைச்சர்கள் யார் யார்? உள்நாட்டுக்கு சர் பாரன் ஜயதிலக. (பாரன் என்பது பட்டமில்லை, அவர் பெயரே அதுதான்.) விவசாயத்துக்கு டி.எஸ். சேனநாயக்க. கல்விக்கு கன்னங்கர. உள்ளாட்சிக்கும் சுகாதாரத்துக்கும் பத்துவந்துடாவ, பானபொக்க. ஆக ஐந்து பேர் சிங்களவர். தொழில் துறைக்கு ஹட்டன் தொகுதியில் ஜெயித்த மலையகத் தமிழர் பெரி. சுந்தரம். போக்குவரத்துக்கு முஸ்லிமான மாக்கான் மரைக்கார். ஐந்துக்கு இரண்டு. மோசமில்லை.

மறு வருஷம் வட கொழும்பில் ஒரு இடைத்தேர்தல். ஜெயித்தவர் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி. பல இனத்தாரும் கலந்து வாழ்கிற தலைநகரத் தொகுதியில்! டொனமூர் அதைக் கேள்விப்பட்டிருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. சபைக்கு அதிகாரம் போதாது, இன்னும் வேண்டும் என்பது சிங்களத் தலைவர்களின் கோரிக்கை. கவர்னரின் தனி அதிகாரமும் மூன்று அதிகாரிகளின் பிடியும் அவர்களை உறுத்திக்கொண்டே இருந்தன. ஏழு பேரும் ஒரே குரலில் கேட்டால்தான் லண்டன் காது கொடுக்கும் என்பது அவர்கள் கணிப்பு. சிறுபான்மை அமைச்சர்களுக்கோ வெள்ளைக்காரக் கவர்னரின் அதிகாரம்தான் கடைசிக் காப்பு. அதை எடுத்துவிடு என்று அவர்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்? அந்த ஐந்து வருஷமும் இழுபறி.

1936 தொடக்கத்தில் அடுத்த தேர்தல் வந்தது. புறக்கணிப்பெல்லாம் முடிந்த கதை. 1934-லேயே இடைத்தேர்தல் நடந்து வடக்கிலிருந்து உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பருத்தித்துறையில் ஜெயித்த ஜி.ஜி. பொன்னம்பலம், வக்கீல், வாய் திறந்தால் அருவி.

இந்தச் சமயத்தில்தான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு வருகிறது. 58 பேரை ஏழால் வகுத்தால் குழுவுக்கு எட்டுப் பேர், சிலதில் ஒன்பது. எட்டானாலும் ஒன்பதானாலும் பெரும்பான்மை என்பது ஐந்து. ஏழைந்து முப்பத்தைந்து. அதாவது, சொன்ன பேச்சுக் கேட்கிற 35 பேர் கையில் இருந்து, குழுவுக்கு ஐந்தாகக் கச்சிதமாக நிறுத்திவிட்டால் ஏழு நாற்காலியும் கைக்கு வந்துவிடும். மிச்சம் 23 பேர் என்ன கத்தினாலும் ஒன்றும் ஆகாது. சபையிலோ சிங்கள உறுப்பினர்கள் 35-க்கு மேலேயே இருந்தார்கள். முந்தின தடவை ஆட்கள் அவரவர் போக்கில் பிரிந்ததால் இரண்டு குழுவில் சிறுபான்மையினர் கை ஓங்கியது. இந்தத் தடவை யாரும் அவரவர் போக்கில் போகவில்லை.

எங்கள் வடமதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டாம். யூனியன் சேர்மன் தேர்தல் என்றால் கவுன்சிலர் தலைகளை எப்படி எண்ணுவார்கள் என்று டீக்கடை பெஞ்சே பாடம் நடத்தும். ஆனால் அங்கே எண்ணப்படுவது கட்சி. இன்று இந்தக் கட்சி, நாளை அந்தக் கட்சி. கொழும்பில் எண்ணியது பிறப்பை. அதில் தாவல் கிடையாது.

கணக்குப் போட்டுக் கொடுத்தவர் செ. சுந்தரலிங்கம் என்பது இலங்கை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். சேனநாயக்கவுக்கு நெருங்கிய சிநேகிதர். ஒருமித்த குரலில் கேட்டு முதலில் சுதந்திரத்தை வாங்கிவிடுவோம், உள் பங்கீட்டை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த அணியின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒருமித்த குரல் வேண்டுமென்றால் மற்றவனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மற்றவனை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒருமித்துப் பேசுவது என்ன சாமர்த்தியம் என்று எனக்குப் புரியவில்லை.

முடிவு வந்தது. ஜயதிலக, சேனநாயக்க, கன்னங்கர பழையபடி. புதிதாக எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, டபிள்யூ.ஏ. டி சில்வா, ஜி.சி.எஸ். கொரயா, ஜோன் கொத்தலாவல. ஏழுக்கு ஏழும் சிங்களவர். சபாநாயகர் ஆசனத்தில் மட்டும் வைத்திலிங்கம் துரைசுவாமி என்ற தமிழர். மரியாதையான பதவி. ஆனால் சபாநாயகர் அமைச்சராக முடியாதே.

வடக்கு சபைக்கே வராதபோது சிறுபான்மையினருக்கு இரண்டு நாற்காலி. வந்து உட்கார்ந்த பிறகு பூஜ்யம்.

எதிர்பார்த்த ஒருமித்த குரல் கிடைத்தது, மனுவும் போனது. ஆனால் இந்த ஏழு பேர் நாட்டின் குரலா என்று சிறுபான்மையினர் எழுப்பிய கேள்வியும் கூடவே லண்டனுக்குப் போய்விட்டது. எதற்காகக் கணக்குப் போட்டார்களோ அதற்கே அந்தக் கணக்கு முட்டுக்கட்டையானது.

பொன்னம்பலத்துக்குக் கேட்கவா வேண்டும்? கணக்குக்குக் கணக்கு என்று இறங்கினார். சபையில் பாதி சிங்களவருக்கு, மீதிப் பாதி சிறுபான்மையினர் எல்லாருக்கும் சேர்த்து. ஐம்பதுக்கு ஐம்பது! ஜனத்தொகையைப் பார்த்தால் நடக்கிற காரியமில்லை, கேட்டவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஏழுக்கு ஏழு பார்த்த ஜனத்துக்கு அது அதிகமாகப் படவில்லை. 1939-ல் நாவலப்பிட்டியில் அவர் பேசிய பேச்சுக்குப் பிறகு மலைநாட்டில் சிங்களவர் - தமிழர் கைகலப்பு வெடித்தது. சோல்பரி கமிஷன் வந்தபோதும் ஐம்பதுக்கு ஐம்பதைத்தான் நீட்டினார். கமிஷன் ஒதுக்கிவிட்டது.

நடுவில் ஜயதிலக 1942-ல் இலங்கையின் பிரதிநிதியாக டெல்லிக்குப் போக, அந்த நாற்காலி அருணாசலம் மகாதேவாவுக்கு வந்தது. ஒரு தமிழர் மறுபடி அமைச்சர். 1947 தேர்தலில் யாழ்ப்பாணம் தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர் வேறு யாருமில்லை, பொன்னம்பலம்! தோற்கடித்த கையோடு 1948-ல் அவரே சேனநாயக்க மந்திரிசபையில் போய் உட்கார்ந்தார். நம்ம பேராசிரியரும் 1947-ல் வவுனியாவில் ஜெயித்து வர்த்தக மந்திரியானார். அடுத்த வருஷமே ராஜினாமா.

அந்த 1948 கடைசியில்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. நம் மதுரை, திருச்சி, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு மூன்று தலைமுறையாக உழைத்த ஜனம் நாடற்றவர்களானது. (திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில்தான், 1985 வரை.) அடுத்து ஓட்டும் போனது. 1947-ல் நுவரெலியாவில் ஜெயித்த தொண்டமான் 1977-ல்தான் மறுபடி தேர்தலில் ஜெயித்து உள்ளே வர முடிந்தது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் அந்த மனிதர்களை இரண்டு சர்க்காரும் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மறுபடியும் வகுத்தல் கணக்கு. கப்பலேறி மண்டபம் வழியாக வந்தவர்களில் சில குடும்பங்கள் எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையிலும் குடியேறின.

சுந்தரலிங்கம் என்ன ஆனார்? ஐம்பதுகளின் கடைசியில் ஒரு புது இயக்கம் தொடங்கினார். தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட முதல் சில குரல்களில் அவருடையதும் ஒன்று. 1970-ல் அந்தக் கோரிக்கையோடு காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்றார். சமஷ்டி போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த செல்வநாயகத்தைத்தான் ஜனங்கள் ஜெயிக்க வைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனி நாட்டுத் தீர்மானம் நிறைவேறிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அதே செல்வநாயகம்.