சாணி உருட்டி வண்டு

மாடு, ஆடு, யானை, குரங்கு எனப் பாலூட்டிகள் இடும் கழிவைத் தின்று, அதையே தம் புழுக்களுக்கும் தீனியாகச் சேர்த்துவைக்கும் வண்டுகளின் பொதுப்பெயர். சாண வண்டு, பீயுருட்டி என்றும் சொல்வதுண்டு. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை வாழ்கின்றன. இவற்றின் முதன்மைத் துணைக்குடும்பமான ஸ்காரபெய்னேயில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் உருண்டை உருட்டுபவை சிறுபான்மைதான்.

உறவும் அடையாளமும்

ஸ்காரபெய்னே அடங்கும் பெரிய குடும்பம் ஸ்காரபெய்டே. உணர்கொம்பின் நுனியில் உள்ள மெல்லிய தகடுகள் விசிறிபோல் விரிந்து மடங்குவது இக்குடும்பத்தின் அடையாளம். சாணத்தின் வாடையைத் தொலைவிலிருந்தே பிடித்துவிடுபவை இந்தத் தகடுகளே. புழுக்கள் வெளுத்த நிறத்தில், உடலை வளைத்துச் சுருண்டு கிடக்கும். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும், நிலக்கடலை வேரைக் கடிக்கும் வெள்ளைப்புழு வளர்ந்து ஆகும் வண்டும் இதே குடும்பத்தார். சிறுவர்கள் தீப்பெட்டிக்குள் வளர்க்கும் பொன்வண்டு இவற்றுக்கு உறவல்ல. அது புப்ரெஸ்டிடே என்னும் வேறு குடும்பம்.

எகிப்து முதல் லின்னேயஸ் வரை

உலகறிந்த சாணி வண்டு, மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழும் ஸ்காரபேயஸ் சேசர். தலையின் முன்விளிம்பில் ஆறு பற்கள், அகன்ற முன்கால் ஒவ்வொன்றிலும் நான்கு பற்கள். அந்த முன்கால்களுக்குப் பாதம் மட்டும் கிடையாது. வெட்டவும் வழிக்கவும் அள்ளவும் அமைந்த உடல் இது. பண்டைய எகிப்தியர் இந்த வண்டைக் காலைச் சூரியனின் தெய்வமான கெப்ரியாகக் கண்டனர். இறந்தவர் நெஞ்சின்மேல் கல்வண்டு வைத்துப் புதைத்தனர். மூன்றாம் அமென்ஹோடெப் மன்னன் தன் ஆட்சிச் செய்திகளைப் பெரிய கல்வண்டுகளின் அடிப்பாகத்தில் பொறித்து அனுப்பினான். முதல் பத்தாண்டுகளில் 102 சிங்கங்களை வேட்டையாடியதாக அவற்றுள் ஒரு வகை பெருமை பேசுகிறது.

கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களோ இவ்வண்டில் பெண்ணே இல்லை, ஆண் தன் வித்தை உருண்டைக்குள் இட்டு உயிர்ப்பிக்கிறது என்று எழுதிவைத்தனர். இந்த நம்பிக்கை பல நூற்றாண்டுகள் நீடித்தது.

1758இல் கார்ல் லின்னேயஸ் தம் உயிரின வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் ஸ்காரபேயஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் சாணி உருட்டியையும் தென்னையின் காண்டாமிருக வண்டையும் சேர்த்தே அடைத்தார். அதைப் பிரிக்கும் வேலை அவருடைய மாணவர்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் பூச்சிகளை வாயுறுப்புகளைக் கொண்டு பிரித்தார். அவர் விவரித்த இந்தியப் பூச்சிகளில் பல, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் சேகரிக்கப்பட்டவை. லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்திறங்கியிருந்தார். ஜிம்னோப்ளூரஸ் வகை உருட்டி வண்டு ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1802இல் பிரெஞ்சுக்காரர் லத்ரேய் ஸ்காரபெய்டே குடும்பத்தை நிறுவினார். இந்தியச் சாணி வண்டுகளுக்கான விரிவான கையேட்டை கில்பர்ட் ஆரோ 1931இல் வெளியிட்டார்.

வாழ்முறை

வண்டின் வாழ்க்கையைப் பார்த்து எழுதியவர் தென்பிரான்சின் ழான் ஆன்றி ஃபாப்ர். 1879இல் வெளிவந்த அவருடைய பூச்சி நினைவுகளின் முதல் தொகுதி இந்த வண்டோடுதான் தொடங்குகிறது. ஆனால் முட்டை எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. வெயிலில் உருட்டிச் செல்லும் உருண்டை பெரும்பாலும் வண்டின் சொந்தச் சாப்பாடு என்றும், ஓர் உருண்டைக்கு இரண்டு வண்டுகள் தோள்கொடுப்பதுபோல் தெரிந்தால் இரண்டாவது பெரும்பாலும் திருடன் என்றும் அவர் கண்டார். புழுவுக்கான உருண்டையை மண்ணுக்கடியில் தாய் தனியே பிசைகிறது. அது பேரிக்காய் வடிவம். முட்டை கழுத்துப் பகுதியில் இருக்கும், காற்று எளிதில் நுழைவது அங்கேதான். ஃபாப்ர் ஓட்டில் துளையிட்டுப் பார்த்தார். உள்ளிருந்த புழு திரும்பி, தன் கழிவையே சாந்தாக அப்பித் துளையை மூடிவிட்டது.

ஒரு சாணக் குவியலில் மூன்று வகைப் பிழைப்பு நடக்கிறது. உருட்டுபவை துண்டை வெட்டி எடுத்துப் போய்ப் புதைக்கும். தோண்டுபவை குவியலுக்கு நேர் கீழே சுரங்கம் வெட்டிச் சாணத்தை இறக்கும். மற்றவை குவியலுக்குள்ளேயே குடியிருக்கும். 1966இல் மெக்சிகோவின் கொன்சாலோ ஹால்ஃப்டரும் எரிக் மாத்யூஸும் இவ்வாழ்முறைகளை ஒரே நூலில் தொகுத்தனர். உருட்டுபவை ஒரு கிளை, தோண்டுபவை மறு கிளை என்றே வகைப்பாடும் நெடுங்காலம் நடந்தது. டிஎன்ஏ ஒப்பீடு இதைக் குலைத்தது: உருட்டும் பழக்கம் பல கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. வெவ்வேறு கண்டத்து உருட்டிகள் ஒன்றுபோல் நீண்ட பின்னங்கால் பெற்றது தொழிலால், இரத்த உறவால் அல்ல.

தோண்டும் வண்டுகளின் ஆணுக்குக் கொம்பு முளைப்பதுண்டு. சுரங்க வாயிலில் நின்று போட்டியாளரைத் தள்ளுவதற்கு அது உதவுகிறது. புழுப்பருவத்தில் தீனி குறைந்த ஆண் கொம்பில்லாமல் சிறுத்துப்போகும். பனாமாவில் இவற்றை ஆய்ந்த டக்ளஸ் எம்லென், இந்தக் குள்ள ஆண்கள் பக்கவாட்டில் குறுக்குச் சுரங்கம் தோண்டிக் காவலனுக்குத் தெரியாமல் பெண்ணிடம் போய்ச் சேர்வதைக் கண்டார்.

உருட்டுபவையின் அக்கறை வேறு: பிறர் பிடுங்குமுன் குவியலைவிட்டு நேர்கோட்டில் விலகிப் போக வேண்டும். உருண்டைமேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்த பிறகே வண்டு புறப்படும். நிலவில்லாத இரவில் என்ன செய்கிறது என்றறிய, மரி டாக்கே குழுவினர் தென்னாப்பிரிக்காவில் ஸ்காரபேயஸ் சடைரஸ் வண்டுகளுக்கு அட்டைத் தொப்பி மாட்டினர். தொப்பி போட்டவை வளைந்து வளைந்து அலைந்தன. ஜோகன்னஸ்பர்க் கோளரங்கக் கூரையில் பால்வெளிப் பட்டையை மட்டும் காட்டியபோதும் வண்டுகள் திசை தவறவில்லை. 2013இல் வெளியான இந்த ஆய்வு, விலங்கொன்று பால்வெளியைத் திசைகாட்டியாகப் பயன்படுத்துவதை முதன்முதலில் நிறுவியது.

ஆஸ்திரேலிய இறக்குமதி

1788இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவுக்கு மாடுகளைக் கொண்டுபோயினர். அந்நாட்டு வண்டுகள் கங்காருவின் உலர்ந்த சிறு புழுக்கைகளுக்குப் பழகியவை. ஈரமான சாணம் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. மாடு ஒன்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணமிட, அவை மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடந்தன, ஈக்கள் பெருகின. ஹங்கேரியிலிருந்து குடியேறிய ஜார்ஜ் போர்னமிசா, நாட்டின் அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ வழியாக 1965இல் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கினார். கால்நடை நோய் வந்துவிடாதிருக்க முட்டைகளை மட்டும் கிருமி நீக்கி அனுப்பி, கையால் பிடித்த சாண உருண்டைக்குள் வைத்து வளர்த்தனர். 1968 முதல் வெளியிடப்பட்டவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் நிலைத்துவிட்டன.

முதலில் விடப்பட்டது, ஆப்பிரிக்காவிலிருந்து ஹவாய் வழியாக வந்த கசெல்லா வண்டு. அதற்கு அப்பெயரிட்டவர் ஃபாப்ரிசியஸ், 1787இல். ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை பரவிய ஒரே சிற்றினம் என்று எண்ணப்பட்ட அது, உண்மையில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் பல சிற்றினங்களின் தொகுதி என 2017இல் வெளியான மறுஆய்வு பிரித்துக்காட்டியது.